நீல அலையும் மாஸ்கோ விரலும்

ஓகா ஆற்றங்கரை ஆய்வுக்கூடத்தில் கபிதோலினா பாவ்லொவ்னாவுக்கு இருந்தது ஒரே ஒரு அறை. அன்று அவளுடைய ரசாயனக் கலவை ஒரு புதிர்ப்பாதைக்கு வழி கண்டுபிடித்துக் காட்டாவிட்டால் அதுவும் போய்விடும். அந்த அறைக்குக் காத்திருந்த மேல்மாடித் துறைக்காரர்கள் காலையிலேயே அளவு நாடாவோடு வந்து ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

கண்ணாடித் தட்டில் சிவப்புக் கலவை ஊறிய தாள், அதில் சந்து சந்தாகப் புதிர்ப்பாதை. ஒரு மூலையில் வெள்ளிக் கம்பியால் தொட்டால் நீல அலை கிளம்பி எல்லாச் சந்திலும் நுழையும். புதிர்ப்பாதையின் வாசலுக்கு எந்த அலை முதலில் வருகிறதோ அது வந்ததுதான் குறுக்கு வழி. யாரும் கணக்குப் போட வேண்டாம். உப்பு பட்டால் மட்டும் அலை அங்கேயே செத்துவிடும்.

இது துறைத் தலைவர் ஸ்தெபான் இல்யிச்சுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? சோதனையைப் பார்த்து அறையைப் பற்றி முடிவு சொல்ல மாஸ்கோவிலிருந்து வந்த குழுத் தலைவரை வெறும் வயிற்றோடு நிற்க வைக்கலாமா என்று, சோதனைக்கு முன்பே ஆய்வுக்கூடச் சாராயத்தை ஊற்றி, தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய வெள்ளரிக்காயையும் வைத்துவிட்டார்.

குழுத் தலைவர் வெனியமின் கார்பொவிச் ஈரக் கையோடு தட்டின் மேல் குனிந்தார். அலை பாதித் தூரம் வந்திருந்தது.

“எங்க போகுது இது? இதோ, இந்தச் சந்துக்கா?” என்று விரலை வைத்து அழுத்தினார்.

நீலம் அந்த இடத்தில் அணைந்தது.

“அட, செத்துப்போச்சே!”

“நீங்கதான் கொன்னீங்க! வெள்ளரிக்காய் தின்ன கையைக் கழுவ வேண்டாமா?”

“கபிதோலினா பாவ்லொவ்னா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்களேன்,” என்று கெஞ்சினார் ஸ்தெபான் இல்யிச்.

ஆறு வருட உழைப்பு. அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தாள்: பக்கத்துச் சந்தில் போன அலை, அடைபட்ட வழியைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வாசலுக்கு வந்து சேர்ந்தது.

“வழியை அடைச்சாலும் வேற வழி பிடிக்குது!” என்று கத்தியே விட்டாள்.

“பின்ன? அதுக்குத்தானே விரலை வெச்சேன்,” என்றார் வெனியமின் கார்பொவிச், கூச்சமே இல்லாமல். “திடீர்னு தடை வந்தா என்ன பண்ணுதுன்னு பாக்க வேண்டாமா?”

“நானும் அதான் நினைச்சேன்,” என்றார் ஸ்தெபான் இல்யிச்.

அறை அவளுக்கே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார் மாஸ்கோக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கட்டுரை எழுதும்போது என் பேரை மறந்துடாதீங்க. முதல்ல போட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன்.”

மை காயும் வரை கபிதோலினா காத்திருந்தாள். காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

“எப்படி மறப்பேன், வெனியமின் கார்பொவிச்? சோதனைக்குப் பயன்படுத்தின பொருள்னு ஒரு பட்டியல் போடுவோம். அதுல உங்க பேர் கண்டிப்பா வந்துடும்.”