குழுத் தலைவரின் சோபா

இரண்டு இரவாக இடியும் மழையுமாகக் கொட்டியதில், தெருவுக்குப் பின்னால் ஓடும் ஓடை கரை தளும்பி நின்றது. இன்னோர் இரவு பெய்தால் திடீர் வெள்ளம் வரும் என்று வானிலை அலுவலகம் சொல்லியாயிற்று. தெருவுக்கு வானிலை அலுவலகத்தைவிட வெள்ளத் தடுப்புக் குழுத் தலைவர்மேல் நம்பிக்கை அதிகம். அவரிடம்தான் மைக் இருந்தது. ஆரஞ்சுச் சட்டை, கழுத்தில் விசில், கையில் டார்ச். நீச்சல் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

அவருடைய தங்கை ஓடையோரமாகப் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தாள். ஒரு விடுதிக்காகத் தைத்த மெத்தைகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். மறுநாள் வண்டி வரும். பஞ்சு தண்ணீர் குடித்துவிட்டால் போட்டதெல்லாம் போச்சு.

சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தபோது, மெத்தைகளைப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்டாள். மாடிச் சாவி அவரிடம்தான் இருந்தது. தலைவரின் தங்கையே மூட்டை கட்டினால் ஊர் என்ன பேசும் என்று சிரித்தார்.

“நான் இருக்கேன்ல? ஒரு சொட்டு உள்ள வராது. போய் நிம்மதியாத் தூங்கு.”

போகிற போக்கில், மெத்தைக்குப் போடும் பிளாஸ்டிக் உறைகள் வேண்டும், பொதுக் காரியம் என்றார். விடுதி மெத்தைகளுக்கு வைத்திருந்ததையே எடுத்துக் கொடுத்தாள். கூடப்பிறந்தவர் கேட்டால் இல்லை என்று அவளுக்குச் சொல்ல வராது.

விடிந்தபோது கடைக்குள் இடுப்பளவுத் தண்ணீர். அடிப் பஞ்சு உறிஞ்சி உறிஞ்சி ஈரம் மேலே ஏறியதில், உச்சி அடுக்கில் நாலைந்து மெத்தைகள்தான் தப்பியிருந்தன. விடுதிக்காரர் போனில் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தத்தோடேயே ஆர்டரை வேறு கடைக்கு மாற்றினார்.

ஒரு மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடி ஏறினாள். அங்கே அதை வைக்க இடமில்லை. அண்ணன் வீட்டு சோபா, பிரிட்ஜ், கட்டில், அண்ணியின் ஆளுயரக் கண்ணாடி எல்லாம் அவள் கடைப் பெயர் போட்ட உறைகளுக்குள் சொகுசாக இருந்தன. செருப்பு ஸ்டாண்டுக்குக்கூட ஓர் உறை கிடைத்திருந்தது.

சாமான்களுக்குக் காவலாக அங்கே இருந்த அண்ணி வெள்ளை மனசுக்காரி. முதல் மழைக்கே சாமான்களை ஏற்றிவிட்டதாகவும், உறைதான் பாக்கி இருந்ததாகவும், சமயத்தில் கொடுத்து உதவினாய் என்றும் நன்றி சொன்னாள்.

அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார்.

“எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாமேண்ணே.”

“எப்படிம்மா சொல்றது? பொறுப்புல இருக்கிறவன் சொந்தத் தங்கச்சிக்கு மட்டும் சொன்னா பாரபட்சம் ஆயிடாதா?”

இவ்வளவு நேர்மைக்கு முன்னால் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. மெத்தையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள்.

தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது; ஆனால் பொழுது சாயுமுன் மேற்கே வானம் மறுபடி உறுமியது. பயப்பட ஒன்றுமில்லை, யாரும் வீட்டைவிட்டு நகர வேண்டாம் என்று மைக் தெருவைச் சுற்றிவந்தது. அவள் ஒரு குட்டி லாரியைக் கூப்பிட்டு, நனையாத மெத்தைகளை ஏற்ற ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் டிவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த வீட்டில் பீரோ நகரும் சத்தம் கேட்டது.

அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

“ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கணும்னே பண்றியா?”

“இல்லண்ணே. மெத்தையைத்தான் ஏத்தறேன்,” என்றாள். “கொஞ்சம் தள்ளி நில்லு, வண்டி திரும்பணும்.”