செவலை எப்படி இருக்கிறது?

பழனி மலை முழுவதிலும் மனைவிக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஆண் ஒரே ஒருவன்தான்; அவன் சேனாதிபதி. இதை அவனே பலரிடம் சொல்லியிருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை. மதுரையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவன் ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடை லீவுக்கு மன்னவனூர் வந்தபோது, வடகவுஞ்சி முருகம்மாளை அவனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். பக்கத்து அறையில் இருப்பவளுக்குக் கடிதம் எழுத முகாந்திரம் இல்லாததால் அவன் திறமை இன்னும் வெளிப்படவில்லை. காலேஜ் திறக்கட்டும் என்று காத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து நோட்டீஸ் வந்தது.

அவன் அண்ணன் சின்னக்கருப்பன் மூன்று வருஷமாகப் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தான். கொடைக்கானல் கடைவீதி தஸ்தகீர் ராவுத்தர் பிடித்துக் கொடுத்த வேலை. மனைவி ராக்காயியை அங்கே அழைத்துக்கொள்ள பெர்மிட் கேட்டு அங்குள்ள குடியேற்ற ஆபீசில் மனுப் போட்டிருந்தான். கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. ஆதாரம் கேட்டார்களே என்று, அவன் ஊருக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் வீட்டார் ஒரு கட்டாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

சேனாதிபதி நோட்டீஸின் இங்கிலீஷை வாய்க்குள் மென்று தமிழாக வெளியே விட்டான்.

"'கடிதங்களை மொழிபெயர்ப்பாளரை வைத்துப் படித்தோம். எழுதியவர் தவறாமல் பூண்டு விலையை விசாரிக்கிறார். மழையை விசாரிக்கிறார். செவலை என்னும் ஓர் ஆட்டின் உடல்நலத்தை மிகுந்த கவலையோடு விசாரிக்கிறார். ராக்காயி என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவருக்கு மனைவி ஒருத்தி இருப்பதாகவே தெரியவில்லை. ஆகவே மனுவைத் தள்ளுபடி செய்ய உத்தேசித்திருக்கிறோம். சொல்ல ஏதாவது இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதவும்.'"

ராக்காயி உரித்துக்கொண்டிருந்த பூண்டு மடியிலிருந்து சிதறியது.

"பெத்த அப்பனுக்கு எழுதுற கடுதாசியில பொண்டாட்டி பேரை எழுதுவானா?" என்று அப்பா திருமலைச்சாமி எழுந்து நின்றுவிட்டார். "வெக்கங்கெட்டவனா எம் மவன்? வாத்தியாரு சாவடியில வச்சுல்ல வாசிக்காரு, ஊரே காதைத் தீட்டிக்கிட்டுக் கெடக்கு!"

"அதுக்காக ஆட்டையா விசாரிப்பாக? அண்ணன் மதினிக்குப் புருஷனா, ஆட்டுக்குப் புருஷனா?" என்றான் சேனாதிபதி. "நானா இருந்தா மொத வரியிலயே அந்த ஆபீசரு அழுதுருப்பாரு. விடுங்க மதினி, அண்ணன் எழுதுன மாதிரி நானே நாலு கடுதாசி எழுதித் தாரேன். 'என் கண்ணே, என் உயிர்க் கிளியே...'"

"அவுக கிளியேன்னு எழுதுனாகன்னா ஆபீசரு வேணா நம்புவாரு தம்பி. நான் நம்ப மாட்டேன்."

பூண்டு கண்ணைக் கரிக்காது. ஆனாலும் ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"செவலையைக் கேட்டது, என்னையக் கேட்டதுதான் தம்பி."

"என்ன மதினி சொல்றீக?"

"எங்கய்யா சீராக் குடுத்த செவலையை, கப்பலேறப் போறப்ப அவுகதான் கன்னிவாடிச் சந்தையில வித்துட்டுப் போனாக. நீங்க மதுரையில இருந்தீக, ஒங்களுக்குத் தெரியாது. மொதக் கடுதாசியில 'செவலை ஒழுங்கா இரை எடுக்குதா'ன்னு வந்துச்சு. வித்த ஆடு எங்கிட்டு இரை எடுக்கும்? அப்பறந்தான் ரோசன பண்ணிப் பாத்தேன். போன மழையில நான் வழுக்கி விழுந்து காலைப் பெசகிக்கிட்டேன்ல? அடுத்த கடுதாசியிலயே 'செவலைக்குக் கால் தேவலையா'ன்னு கேட்டுருந்தாக."

"கால் பெசகுனது அண்ணனுக்கு எப்புடித் தெரியும்?"

திருமலைச்சாமி கூரையில் ஒழுகும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில்.

"நாந்தேன் எழுதச் சொன்னேன்" என்றார் கூரையைப் பார்த்தே. "'செவலைக்குக் கால் பெசகிருச்சு, கெழக்க பாத்தே நிக்கிது'ன்னு. பின்ன என்னலே, வாத்தியாருக்கிட்டப் போயி மருமக பேரையா சொல்லச் சொல்ற? ஏலே, வெரசா பதிலை எழுது. அந்தச் சோலியைப் பாரு!"

சேனாதிபதி காலேஜில் கற்ற இங்கிலீஷையெல்லாம் கொட்டி எழுதிப் பார்த்தான். எப்படி எழுதினாலும் கடைசியில் ஒரே வாக்கியம்தான் வந்து நின்றது: 'ஐயா, தாங்கள் குறிப்பிடும் ஆடு மனுதாரரின் மனைவி.' வெறுமனே எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று கிராம முன்சீப் சின்னச்சாமியிடம் போனார்கள்.

"இருக்கிறதுக்குச் சர்டிபிகேட் கேட்டு வருவாக. இல்லாததுக்குக் கேட்டு வந்தது நீங்கதேன்" என்றார் முன்சீப். ஆனாலும் கடமை தவறாதவர். நேரில் வந்து, காலியான தொழுவத்தில் குனிந்து பார்த்து, கொல்லையைச் சுற்றி வந்து, எழுதி முத்திரை வைத்தார்:

'திருமலைச்சாமி வீட்டில் மூன்று வருஷமாகச் செவலை ஆடு இல்லை. வேறு ஆடும் இல்லை. மாடு, கன்று, கோழி யாதும் இல்லை. பூனை ஒன்று உண்டு, அது கறுப்பு. ராக்காயி என்னும் மருமகள் உண்டு, சின்னக்கருப்பனின் மனைவி. கால் இப்போது தேவலை.'

ஆனி பிறந்ததும் பெர்மிட் வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேற, தஸ்தகீர் ராவுத்தர் குடும்பத்தோடு ராக்காயி புறப்பட்டாள். கொடைக்கானலில் பஸ் கிளம்பும்வரை சேனாதிபதி விடவில்லை.

"மதினி, அண்ணனைப் பாத்ததும் 'மே'ன்னு கத்துங்க. அப்பத்தான் அடையாளம் தெரியும்."

"நீங்க மதுரைக்குப் போயி எழுதத்தான போறீக, தம்பி" என்றாள் ராக்காயி ஜன்னல் வழியாக. "அந்தக் கிளி எம்புட்டுத் தூரம் பறக்குதுன்னு பாப்போம்."

காலேஜ் திறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இதற்கென்றே வாங்கிவைத்த ரோஜா நிறத் தாளை எடுத்தான் சேனாதிபதி. 'என் உயிர்க் கிளியே' என்று எழுதினான். எழுத்து அழகாகத்தான் இருந்தது. முருகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சாவடியில் அந்த வரியை வாசிப்பதும், அப்பா அண்ணாந்து கூரையைப் பார்ப்பதும் கண்முன் தெரிந்தன.

தாளைச் சுக்குநூறாகக் கிழித்தான். நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினான்.

'அன்புள்ள அப்பாவுக்கு, சேனாதிபதி வணக்கம். நான் நலம். அங்கே மழை உண்டா? பூண்டு என்ன விலை போகிறது?'

கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

'வடகவுஞ்சியிலிருந்து வந்த வெள்ளைக் கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது? அதற்குப் புது இடம். குளிரில் வெளியே விடவேண்டாம்.'