ஞானையன் நினைவு வாசிப்பறை

ஒரு பொய்யை இவ்வளவு பொறுப்போடு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று பத்மஜாவுக்கே ஒரு பெருமை இருந்தது.

திருவனந்தபுரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அவள் நூலகர். தகவலைத் தேடுவது எப்படி, கிடைத்ததைச் சரிபார்ப்பது எப்படி என்று முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுத்தாள். எல்லோரும் அழகாகத் தலையாட்டினார்கள். வெளியே போனதும் செல்பேசியில் முதலில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டிக் கொடுத்தார்கள். பேசிப் பயனில்லை, ஒருதடவை விழுந்தால்தான் உறைக்கும் என்று நூலகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டினாள்.

பள்ளத்தின் பெயர் ஞானையன். கல்லூரியின் முதல் நூலகர். 1951 மார்ச்சில் பெருவெள்ளம் வந்தபோது நீந்திப் போய்ப் புத்தகங்களைத் தலையில் சுமந்து கரைசேர்த்த வீரர். மார்ச்சில் ஏது வெள்ளம்? கல்லூரி தொடங்கியதே 1964-ல். வாசல் கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை, ஆதாரம் இல்லை. 'இவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக' என்று சொல்லிவிட்டு, சந்தேகத்தோடு வரப்போகும் முதல் ஆளுக்காகக் காத்திருந்தாள்.

கட்டுரைகள்தான் வந்தன. ரெஷ்மா வெள்ளத்தின் உயரத்தை அடிக்கணக்கில் எழுதியிருந்தாள். வினீத் அவருக்கு ஒரு சைக்கிளும் ஒரு மனைவியும் கொடுத்திருந்தான்.

போனக்காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் லிபி மட்டும் ஒன்றும் தரவில்லை. தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தாள்.

"மிஸ், நானும் எங்கெல்லாமோ தேடிட்டேன். இவரைப் பத்தி வேற எங்கயுமே ஒண்ணும் கிடைக்கல."

பத்மஜாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. "அதனாலே?"

"அதனால ஏஐகிட்ட கேட்டேன். அஞ்சு பக்கம் தந்திருக்கு. லேட்டா தந்தா மார்க் குறைப்பீங்களா?"

கிழக்கேகோட்டை வீட்டில் அன்று சாயங்காலம் கணவர் வெங்கிடேஷ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒத்தராவது கேட்டாளா?"

"ஒத்தரும் கேக்கலை. திங்கக்கிழமை கிளாஸ்ல சொல்லிடப் போறேன்."

திங்கட்கிழமை வரை ஞானையன் பொறுக்கவில்லை. ரெஷ்மா அவரைப் பற்றி ஒரு வீடியோ போட்டாள். அதைப் பார்த்து ஒரு பத்திரிகை, நகரச் செய்திப் பக்கத்தில் அரைப் பக்கம் எழுதியது. திங்கள் காலை கல்லூரி முதல்வர் ஜெஸி கூப்பிட்டனுப்பினார். பாறசாலைக்காரர், சந்தோஷம் வந்தால் ஊர்த் தமிழ் வந்துவிடும்.

"பத்மஜா, இவ்வளவு பெரிய ஆளு நம்ம காலேஜில இருந்தாருன்னு எனக்கே தெரியாது கேட்டோ!"

"இல்லை மேடம். அப்படி ஒருத்தர் கிடையாது. பசங்களுக்காக நான் உண்டாக்கினது. வருஷத்தைப் பாருங்கோ. காலேஜே அப்போ இல்லை."

ஜெஸி கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்பம் காலேஜ் நாம நினைச்சதைவிடப் பழசு, அல்லே?"

கல்லூரிக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழு அடுத்த மாதம் வரவிருந்தது. பத்திரிகையில் வந்ததை இனிப் பொய் என்று சொன்னால் மானம் போய்விடும், வாசிப்பறைக்கு அவர் பெயரையே வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

வகுப்பிலாவது உண்மை நிற்கட்டும் என்று பத்மஜா நேரே அங்கே போனாள். "ஞானையன்னு ஒருத்தர் இல்லை. அது முழுக்க நான் கட்டினது" என்றாள்.

வினீத் எழுந்தான். "மிஸ்ஸே, சோர்ஸ்?"

"எதுக்கு?"

"அவர் இல்லைங்கிறதுக்கு. ஒரு ஆள் சொன்னா மட்டும் நம்பக்கூடாதுன்னு மிஸ்தானே சொன்னது? அவர் உண்டுன்னு பேப்பரில வந்திருக்கு, காலேஜ் சைட்டில இருக்கு. இல்லைன்னு நீங்க ஒரு ஆள்தான் சொல்றீங்க."

"அந்த சைட்டிலே எழுதினதே நான்தான்."

"அதில எழுதின ஆள் பேரு இல்லையே, மிஸ்ஸே."

அந்த ஆண்டில் ஆதாரம் கேட்ட முதல் மாணவன் அவன். கோபப்படுவதா, முழு மதிப்பெண் போடுவதா என்று தெரியாமல் பத்மஜா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து இறங்கியது. தாசம்மாள் என்ற பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய மாமனார் பெயர் ஞானையன். திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு காலேஜில் வேலை பார்த்தவர். எந்தக் காலேஜ் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்களாம்.

விழா முடிந்ததும் தாசம்மாள் பத்மஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மோளே, எங்களுக்கே தெரியாததெல்லாம் தேடி எடுத்து எழுதியிருக்கியே. ஒண்ணு மட்டும் சொன்னா தப்பா நினைக்காதே. அவருக்கு நீச்சல் தெரியாது. ஆத்துல முழங்காலுக்கு மேல இறங்கமாட்டாரு."

சரிபார்க்கத் தெரிந்த ஒரு ஆளாவது கிடைத்தாரே என்று பத்மஜா அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்து, அவர் உங்கள் மாமனாரே இல்லை என்று சொல்ல நா எழவில்லை. "மாத்திடறேன், அம்மா. படகுன்னு போட்டுடறேன்" என்றாள்.

மதிப்பீட்டுக் குழு மனம் குளிர்ந்து போயிற்று. தேநீர்க் கோப்பையோடு ஜெஸி அவளை ஓரமாக அழைத்தார். "கெமிஸ்ட்ரிக்காரங்களுக்குப் பொறாமை. அவங்க டிபார்ட்மெண்டுக்கும் இதுமாதிரி ஒருத்தரைத் தேடித் தரணும், கேட்டோ."

பத்மஜா கொஞ்சம் யோசித்தாள்.

"எந்த வருஷத்து ஆள் வேணும், மேடம்?"