நாற்பத்தேழாம் தாள்

வரிங்கா ஊரின் பருவநிலைச் சங்கத்தில் மொத்தம் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் பிஸ்கட்டுக்காக வருகிறவர்கள். அந்தச் சங்கம் ஒன்பது மாதம் அலைந்து சேர்த்த இரண்டாயிரத்துச் சொச்சம் கையெழுத்துகளும் சட்டமன்றத்திலிருந்து, அனுப்பிய அதே அட்டைப்பெட்டியில், பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டன.

செயலாளர் பிரென்டன் கடிதத்தை வாசித்தார். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவர். கெட்ட செய்தியையும் மழையளவு சொல்வது போலத்தான் சொல்வார்.

“கோரிக்கை ஒவ்வொரு தாளோட தலையிலயும் இருக்கணுமாம். நம்ம முதல் தாள்ல மட்டும்தான் இருக்கு. அதனால முதல் தாள் மட்டும்தான் செல்லும்.”

“மத்த தாள்ல என்னய்யா இருக்கு?” என்றார் ஒருவர்.

“ஒரு பக்கம் கையெழுத்து. மறுபக்கம் பௌலிங் கிளப்போட குலுக்கல் நோட்டீஸ். பரிசு ஒரு தட்டு இறைச்சி.”

நிலக்கரி மின்நிலையத்தை மூடும் தேதியைச் சட்டத்தில் எழுது, அங்கே உழைத்தவர்களுக்குக் காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் வேலை கொடு என்று கேட்கிற மனுவுக்குப் புதுக் காகிதம் வாங்குவது பாவம் என்று சங்கம் தீர்மானித்திருந்தது. கிளப்பில் மிஞ்சிய பழைய நோட்டீஸ்களின் பின்பக்கமே போதும் என்று யோசனை சொன்னவள் கிளெனிஸ். அன்று பலத்த கைதட்டல். பிரென்டன் கணக்குப்படி அரை மரம் பிழைத்தது.

“ஆறு வாரம் டைம் இருக்கு. எல்லாரும் திரும்பப் போட்டுட்டா முடிஞ்சுது” என்றார் பிஸ்கட்காரர்களில் ஒருவர், உற்சாகமாக.

அப்புறம்தான் எல்லோரும் கிளெனிஸைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பிஸ்கட்டைப் பார்த்தார்கள்.

நாற்பத்தேழாம் தாளில் அவள் கணவன் ராஸின் கையெழுத்து இருந்தது. ராஸை ஏப்ரலில் புதைத்தாயிற்று.

முப்பத்துநாலு வருஷம் அந்த மின்நிலையத்தின் கொதிகலனில் நின்றவன் ராஸ். நுரையீரலைப் பாதி அங்கேயே விட்டுவிட்டு, மீதியோடு ஓய்வு பெற்றான். அவள் கூட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே வழியனுப்புவான். “வெயில் வியாபாரிங்கள கேட்டதா சொல்லு. ராத்திரிக்கு எதுல டீ போடுவீங்கன்னும் கேளு.”

பிப்ரவரி அங்கே கடுங்கோடை. ஒரு நாள் வெயில் நாற்பத்துநாலு டிகிரி. மத்தியானம் ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. ஆக்சிஜன் இயந்திரம் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. பக்கத்து வீட்டு பிரென்டன் தன் கூரைமேல் இருந்த சூரிய மின்தகடுகளின் பேட்டரியிலிருந்து வயரை இழுத்து, வேலிமேல் வீசினார். கிளெனிஸ் அதைப் பிடித்துச் செருகினாள். இயந்திரம் மறுபடி உறுமியது.

ராஸ் வெகுநேரம் அந்த ஆரஞ்சு வயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊருக்கே கரண்ட் குடுத்தவன்டி நானு. இப்ப இந்த வாத்தி வீட்டு வயர்ல மூச்சு விடுறேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “எங்க உன் பேப்பரு?”

பேனா விரல்களில் நிற்கவில்லை. “நான் போட்டுடறேன் ராஸ். ஆஸ்பத்திரி ஃபாரத்துலயெல்லாம் நான்தான போடுறேன்?”

“அது ஆஸ்பத்திரி. இது நான்தான் போடணும். கைய எடு.”

ஆங்கிலத்தில் நான்கே எழுத்துள்ள பெயரை எழுத ஐந்து நிமிஷம் ஆயிற்று. கோடு தாண்டி, கீழ்வரிக்காரனின் இடத்தையும் பிடித்துக்கொண்டு நின்றது பெயர். தாளைத் திருப்பி நோட்டீஸைப் பார்த்து, “பன்னி இறைச்சியா? குலுக்கல்ல விழுந்தா கொண்டா” என்றான்.

கூட்டம் கலைந்தபின் பிரென்டன் அவளருகே வந்து நின்றார். “அவர் கையெழுத்து உங்களுக்கு அத்துப்படி. போட்டுடுங்க. யாரும் கேக்கப்போறதில்ல.”

கிளெனிஸ் நாற்பத்தேழாம் தாளைத் தனியே எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

புதுத்தாள்கள் வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் கோரிக்கை, கொட்டை எழுத்தில். முதல் தாளின் முதல் வரியைக் கிளெனிஸ் காலியாக விட்டாள். அங்கே குளிர்காலமான ஜூனில், சனிக்கிழமைதோறும் இரும்புக்கடை வாசலில் சாசேஜ் சுட்டு விற்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். யாராவது முதல் வரியில் பேனாவை வைத்தால், “அது ரிசர்வ். அடுத்ததுல போடுங்க” என்பாள்.

மூன்றாவது சனிக்கிழமை நெவ் வந்தான். ராஸோடு ஒரே கொதிகலனில் நின்றவன். போனமுறை இதே இடத்தில் அவளைப் பார்த்து, “சோத்துல மண்ண போடுறியே” என்று கத்திவிட்டுப் போனவன்.

“ராஸ் போட்டான்னு சொல்றாங்க. பொய்தான?”

அவள் பையிலிருந்து நாற்பத்தேழாம் தாளை எடுத்துக் கொடுத்தாள். நெவ் அந்தக் கோணல் பெயரைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டான்.

“கழுத ஒரு கோட்டுக்குள்ள நின்னதே இல்ல” என்றான். பேனாவை வாங்கி, காலி வரிக்குக் கீழே போட்டான். அடுத்த சனிக்கிழமை பழைய ஷிப்டுக்காரர்கள் ஆறுபேரைக் கூட்டிவந்தான். ஆறுபேரும் நாற்பத்தேழாம் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள்.

கடைசி நாள், தொகுதி உறுப்பினரின் அலுவலக வாசலில் காரை நிறுத்திவிட்டு, முதல் தாளை ஸ்டியரிங்மேல் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். ராஸின் முதல் எழுத்து எங்கே வளையும், எங்கே அவசரப்படும் என்று அவள் விரலுக்குத் தெரியும். பேனா முனை காகிதத்தைத் தொட்டு ஒரு புள்ளி விழுந்தது. கைய எடு.

பேனாவை மூடி, தாள்களோடு உள்ளே போனாள்.

குமாஸ்தா நல்ல மனுஷர். ஒவ்வொரு தாளின் தலையையும் பார்த்துத் தலையாட்டினார். எண்ணிக்கை போனமுறையைவிட முப்பத்தெட்டு கூட. “இந்தத் தடவ கச்சிதம்மா. ஆமா, முதல் வரி ஏன் காலி?”

“யாரும் போடல.”

“அப்படி விடக்கூடாது. அப்புறம் யாராவது எழுதிடுவாங்க.”

இழுப்பறையிலிருந்து அளவுகோலை எடுத்து வரியின்மேல் வைத்து, தாள்களோடு கிடந்த அவள் பேனாவால், அந்தப் புள்ளியின் வழியாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கோடு இழுத்தார். நேர்கோடு. ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார்.

“பேனா உங்களோடதா?” என்று நீட்டினார்.

கிளெனிஸ் வாங்கிக்கொண்டாள்.