படகின் மூக்கில் ஒரு கை

புயல் எச்சரிக்கை இரண்டாம் எண்ணுக்கு ஏறியபோது மதியம் மூன்று மணி. பொன்சோ தன் படகின் மூக்கில் வலக்கையை வைத்துக்கொண்டு கரையில் நின்றார். இருட்டுவதற்குள் படகு தென்னை வரிசையைத் தாண்டி மேட்டில் ஏறியாக வேண்டும். இருபக்கமும் மூங்கில் கைகள் விரித்த படகு. தூக்கப் பத்துப் பேராவது வேண்டும்.

அந்தக் கரையில் யாரும் ஆள் கூப்பிட்டதில்லை. படகில் கை வைத்து நின்றால் போதும். வலை தைக்கிறவன் ஊசியைப் போட்டுவிட்டு வருவான். சண்டைச் சேவலைத் தடவிக்கொண்டிருந்தவன் அதை அக்குளில் இடுக்கியபடியே வருவான். "கடல்ல விழுந்தவன் கத்தலாம். கரையில நிக்கிறவனுக்கு என்னடா கத்தல்?" என்பார் பொன்சோவின் அப்பா.

அப்போது முப்பத்திரண்டு படகுகள். இப்போது இது ஒன்றுதான்.

அந்தப் படகுக்காரர்களில் பெர்தோ கப்பல் வேலைக்குப் போனார். கார்டிங் நிலத்தை மணிலாக்காரர்களுக்கு விற்றுவிட்டு மகனோடு நகரத்தில் இருக்கிறார். யாரைக் குறை சொல்ல? பொன்சோவின் சிமெண்ட் வீடே மகள் ரியாத்தில் நர்ஸ் வேலை பார்த்து அனுப்பியதுதான். கடல் கைவிட்ட மாதங்களில் மரவள்ளியைத் தின்று படுத்த ஊரில் இன்று பட்டினி இல்லை. "படகை வித்துடுங்கப்பா" என்று மகள் போனில் சொல்லாத ஞாயிறும் இல்லை.

மாடி வீட்டு மணிலா அம்மாள் கையசைத்தார். பொன்சோவும் அசைத்தார். அம்மாள் உள்ளே போய்விட்டார். நாயோடு நடந்துவந்த நார்வே கிழவர் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

பங்களா காவல்காரன் ரோடெல், மலைப்பக்கமிருந்து பிழைக்க வந்தவன், கேட்டுக்கு வெளியே தலையை நீட்டினான். மூத்தவர்களை அண்ணன் என்கிற இடத்தில் அங்கே மனோங் என்பார்கள்.

"என்ன மனோங், படகைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க? ஓடிப்போயிடுமா?"

"ம்."

காய்ந்த மீனை அவசரமாக வாரிக்கொண்டிருந்த மனைவி லூடிங்குக்குப் பொறுக்கவில்லை. "யோவ், யாருக்குக் காத்திருக்க? பெர்தோ கப்பலைத் திருப்பிக்கிட்டு வருவானா? வாயைத் தொறந்து கூப்பிடுய்யா!"

"கூப்பிட்டுப் பழக்கமில்லடி."

"அப்ப கடல் வந்து கூப்பிட்டுக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, ஓர் அலை பின்பக்கத்தைத் தூக்கிக் குத்தியது. மூங்கில் ஒன்று விண்டது. அந்தச் சத்தம் பொன்சோவின் முதுகெலும்பில் கேட்டது.

"ஆள் வாங்க! படகு தூக்க ஆள் வாங்க!"

அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஆள் கேட்டுக் கத்தினார்.

வந்தார்கள். ரோடெல் ஓடிவந்தான். மணிலா அம்மாள் செருப்பை உதறிவிட்டு வந்தார். நார்வே கிழவர் நாயைத் தென்னையில் கட்டிவிட்டு வந்தார். அடுத்த மனைக்கு மதில் கட்டிக்கொண்டிருந்த ஆறு கொத்தனார்கள் சிமெண்ட் கையோடு வந்தார்கள்.

"இவ்வளவு நேரம் ஏன் சொல்லல? காத்து வாங்க நிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றார் அம்மாள்.

ஆளுக்கொரு நேரத்தில் தூக்கினார்கள். படகு ஒருபக்கம் எழும்பி மறுபக்கம் மண்ணில் குத்தியது.

"எப்பத் தூக்கணும்னு சொல்லுங்க மனோங்!" என்றான் ரோடெல்.

அங்கே ஒன்று, இரண்டு என்று எண்ணித் தூக்குவதில்லை. தூக்குகிறவர்களின் பெயரைப் படகுக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பெயருக்கு ஒரு முட்டு. பொன்சோ வாயைத் திறந்தார். வந்தவை பழைய பெயர்கள்தான்.

"பெர்தோ!"

படகு தூக்கும் கூவல் என்று நினைத்து எல்லோரும் திருப்பிக் கத்தினார்கள். "பெர்தோ!" படகு ஒரு முழம் நகர்ந்தது.

"கார்டிங்!"

"கார்டிங்!"

"சில்யோ!"

சில்யோவைக் கடல் கொண்டுபோய் இருபது வருடம். நார்வே கிழவர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினார், "சில்யோ!" அவர்கள் யாரென்று தெரிந்த லூடிங் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

படகு தென்னை வரிசையைத் தாண்டி மேட்டில் உட்கார்ந்தது.

"பாட்டு நல்லா இருக்கே. என்ன அர்த்தம்?" என்று கேட்டார் மணிலா அம்மாள்.

பொன்சோவுக்கு மூச்சு வாங்கியது. ஆறு வருடமாக அந்த அம்மாளுக்குக் கையசைத்திருக்கிறார், பேர் கேட்டதில்லை.

"உங்க பேரு என்னம்மா?"

"மில்ட்ரெட்."

"மில்ட்ரெட், அடுத்த தடவை உங்க எடம் முன்னால வலது பக்கம். ரோடெல், நீ பின்னால இடது." கொத்தனார்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒவ்வொருத்தராப் பேரைச் சொல்லுங்க."

"மதில் முடிஞ்சா நாங்க போயிடுவோம் மனோங்," என்றான் ஒருவன்.

"பரவாயில்ல. சொல்லு."