சரஸ்வதி முன்னால் ஜாடி

ஊரிலிருந்து திரும்பிய சுப்பராமன் பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து பூஜையறை வாசலில் நின்றுவிட்டான். புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் அவனுடைய கண்ணாடி ஜாடி சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"இதுல இருந்த பாசி எங்கே, ஜானு?"

ஜானுவுக்குக் கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்து இதுதான் முதல் சரஸ்வதி பூஜை. காலேஜில் தாவரப் பாடம் நடத்துகிறவனுக்கு ஆயுதம் இந்த ஜாடிதானே என்று சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். அழுக்குத் தண்ணீரோடு வைக்க யாருக்கு மனசு வரும்?

கோடையில் முகத்துவாரம் மண்மூடினால் அடையாறு தேங்கிப் பச்சைப் பசேலென்று பாசி பிடிக்கும். மழை விழுந்து மணல் உடைந்ததோ, ஒரு இழை மிஞ்சாது. அந்தக் கோடைப் பாசியைத்தான் ஜாடியில் உயிரோடு வளர்த்துவந்தான். பூஜை லீவு முடிந்ததும் புரொபசரிடம் காட்டினால்தான் ஆராய்ச்சிக்கு அனுமதி.

குடையோடு ஆற்றுக்கு ஓடினான். முழங்கால்வரை செஞ்சேற்றோடு திரும்பி வந்தான்.

"புது வெள்ளம். இனிமே அடுத்த கோடைக்குத்தான்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜானுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எங்கே கொட்டினே? சாக்கடையிலயா?"

"ராம ராமா! ஆயிரம் இருந்தாலும் நதியோட புண்ய ஜலம். சாக்கடையில கொட்டுவாளோ? கொல்லையில மாட்டுத் தொட்டியில..."

சொல்லி முடிப்பதற்குள் இருவரும் கொல்லையில் இருந்தார்கள். மாட்டைப் பார்த்துக்கொள்ளும் கருணாகரன் பூஜையென்று வேலைக்கு வரவில்லை; தொட்டியைக் கழுவவும் ஆளில்லை. நல்லவேளை! கல்லோரமெல்லாம் பாசி கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மாடு தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது.

"ஏன்னா, அது தின்னறது!"

கொம்பைப் பிடித்து அவன் இழுக்க, பின்னாலிருந்து அவள் தள்ள, மாடு வேண்டாவெறுப்பாக நகர்ந்தது. சுப்பராமன் குழந்தை மாதிரி சிரித்தான்.

"ஜாடியைக் கொண்டா, கொண்டா!"

"அதெப்படி? பூஜையில வச்சதை விஜயதசமி விடியாம தொடப்படாது. சமையல் பாத்திரத்துல பாசியைப் போடவும் படாது."

"அப்போ நாளைக்கு வரைக்கும்?"

தூறல் பெரிதாகிக்கொண்டிருந்தது. நிரம்பி வழிந்தால் பாசியும் போய்விடும். ஜானு ஓடிப்போய்க் குடையைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேல் பிடித்தாள். நனைந்துகொண்டே அவனும் காம்பைப் பற்றிக்கொண்டான், அவள் விரல்களின் மேலேயே. அவள் விரலை எடுக்கவில்லை.

எதிரே மாடு, வாயோரம் தொங்கிய ஒரு பச்சை இழையை மென்றபடி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது.