தனிப்பயணிகள் மேசை

அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது காபி ஏற்கெனவே வந்து காத்திருந்தது. ஜன்னலோர மேசையில், சர்க்கரை போடாத காபி. எதிரே உட்கார்ந்திருந்த சர்வேயர், ஆறிவிடக் கூடாதென்று கோப்பையின் மேல் சாஸரைக் கவிழ்த்து மூடியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துவிட்டார்.

"இன்னைக்கு ரொம்ப லேட்டு. தூக்கம் வரலியா?"

அவள் வேண்டுமென்றேதான் தாமதமாக வந்திருந்தாள். அவர் சாப்பிட்டுக் கிளம்பியிருப்பார் என்று நினைத்து, குளித்து உடை மாற்றிக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பசி பொறுக்காமல்தான் வந்தாள். இப்போது வேறு மேசைக்குப் போகலாம். கால் அந்தப் பக்கம் திரும்பக்கூடச் செய்தது. ஆனால் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார்கள். அன்று அவளுக்கு டீ குடிக்கலாம் போலிருந்தது. உட்கார்ந்து காபியைக் குடித்தாள்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. கை தப்பாகப் பட்டதில்லை. நிலம் அளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு உரசல் இருக்காது. காபி வாங்கி வைத்தார் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், வேலைக்காலம் முழுவதும் எக்ஸ்ரே எடுத்தவள். மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க. ஓய்வு பெற்றதும் சுவரே இல்லாத எதையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கடல் என்று முடிவு செய்தாள். மகன் குதித்தான். "தனியாவா? கப்பல்லயா? ஊர் உலகத்துல யாராவது இப்படிப் போவாங்களாம்மா?" அப்பா இருந்திருந்தால் விட்டிருப்பாரா என்று கேட்டான். "உங்கப்பா இருந்தாலும் நான் தனியாத்தான் போயிருப்பேன். அவருக்கு வாளித் தண்ணியப் பார்த்தாலே பயம்" என்றாள். மருமகள் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். "எல்லாம் ஓகேவா? ஏதாவதுன்னா அடுத்த துறைமுகத்துலயே இறங்கிடு. நான் வந்து கூட்டிட்டு வந்துடறேன்." அவள் ஓகே என்பாள். ஓகே இல்லை என்று ஒரு தடவை சொன்னால் போதும், இனி பக்கத்துத் தெருவுக்குக்கூட அவன் துணையில்லாமல் போக முடியாது.

எல்லாம் ஆரம்பித்தது முதல் நாள் சாயங்காலம். தனியாக வந்த பயணிகளுக்கென்று கப்பலில் ஒரு ஏற்பாடு இருந்தது. நூலகத்தை ஒட்டிய சின்னக் கூடத்தில் வரவேற்று உட்கார வைத்த ஹோஸ்டஸ் பெண், ஆளுக்கொரு ஸ்டிக்கரைக் கொடுத்து, பேர் வேண்டாம், வீட்டை மறந்து வந்திருக்கீங்க, தொழிலையோ செல்லப் பேரையோ எழுதி ஒட்டிக்கோங்க என்றாள். அப்படித்தான் இவள் எக்ஸ்ரே ஆனாள், அவர் சர்வேயர் ஆனார். பேக்கரிக்காரர் என்று ஒருவர், தொப்பையும் ஓயாத பேச்சுமாக, கூடத்தையே கலகலப்பாக்கிக்கொண்டிருந்தார். மூலையில் ஒருத்தி 'கிரேன்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். நாற்பது வயதிருக்கும், துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேனை ஓட்டுபவள். "லீவுலயும் துறைமுகம்தானா?" என்று பேக்கரிக்காரர் சீண்டியதற்கு, "இதுவரைக்கும் மேலேர்ந்துதான் பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு விளையாட்டு. பாதியாக வெட்டிய படங்களைக் கையில் கொடுத்து, பேசாமலே மறுபாதியைத் தேடச் சொன்னார்கள். இவளிடம் ஒரு யானையின் பின்பாதி இருந்தது. தும்பிக்கையோடு வந்து நின்றவர் சர்வேயர். "அட, பொருத்தம் பத்துக்குப் பத்து!" என்று பேக்கரிக்காரர் கத்தினார். கூடமே கைதட்டியது. அவளும் சிரித்தாள். தலையைச் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். பல வருஷமாக யாரும் அவளை வைத்துக் கேலி செய்ததில்லை. அது சுகமாகக்கூட இருந்தது.

அந்தச் சிரிப்பை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். வினாடி வினாவில் ஒரே அணி. நடன வகுப்பில் அவர்தான் ஜோடி. கரையில் இறங்கி ஊர் சுற்றப் போனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் தொப்பியைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். பரிமாறுபவர் சூப்பைக் கொண்டுவந்தால், அவள் வாய் திறப்பதற்குள், "அவங்களுக்கு மிளகு ஆகாது" என்றார். மிளகு அவளுக்கு நன்றாகவே ஆகும். ஒரு தடவை இருமியதை அவர் அப்படி அர்த்தம் செய்துகொண்டார். அவள் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கப் பழகினாள். மேல்தளத்தில், சாய்வு நாற்காலிகளுக்குப் பின்னால் ஓர் இடம் கண்டுபிடித்தாள். அடுத்த நாள் அங்கே இரண்டு நாற்காலி போடப்பட்டிருந்தது.

முந்தின நாள் ஹோஸ்டஸ் பெண்ணிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, அவர் எவ்வளவு டீசன்ட் தெரியுமாம்மா? தனியா வர்றவங்களுக்கு ஒரு துணை கிடைக்கணும்னுதானே நாங்க இவ்வளவு பண்றோம்? நாளைக்கு டான்ஸ் பார்ட்டியை உங்க ரெண்டு பேரையும் வெச்சுத்தான் ஆரம்பிக்கப் போறோம். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நெனச்சேன், சொல்லிட்டேன் பாருங்க."

அன்று காலை காபி முடிந்ததும் ஓவிய வகுப்புக்குப் போனாள். அதிசயமாக சர்வேயர் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேன், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு சேவலை வரைந்துகொண்டிருந்தாள். அது வாத்து மாதிரி வந்தது. இவளுக்கு நிம்மதியாக இருந்தது. கையெல்லாம் நீலமாக, மனசு லேசாக, அறைக்குத் திரும்பினாள்.

கதவைத் திறந்ததுமே ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. திரைச்சீலை ஒதுக்கப்பட்டு அறை முழுக்க வெளிச்சம். நாற்காலியில் அவள் போட்டுவிட்டுப் போன சால்வை நாலாக மடிக்கப்பட்டிருந்தது. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் மஞ்சள் பூக்கள். பக்கத்தில் அவளுடைய படிக்கும் கண்ணாடி, விரித்த நிலையில். முந்தின நாள் சாப்பாட்டின்போது, இதன் கால் ஆடுகிறது, திருகு கழன்றுவிட்டது போல என்று யாரிடமோ சொல்லியிருந்தாள். எடுத்துப் பார்த்தாள். ஆடவில்லை. திருகு இறுக்கப்பட்டிருந்தது. கண்ணாடியும் துடைத்துப் பளபளவென்றிருந்தது.

அதை அவள் கட்டிலின் மேல் போட்டாள். சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல. கண்ணாடியை ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் தலையணையைத் தூக்கியிருக்கிறார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். காலையில் துவைத்துக் காயப்போட்ட உள்ளாடைகள் கொடியில் அப்படியே இருந்தன. அவள் அங்கேயே, கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாழ்வாரத்தில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அறைப் பணியாளரைக் கூப்பிட்டாள். நரைத்த மீசை, அவள் வயதுதான் இருக்கும்.

"என் ரூமுக்குள்ள யார் வந்தது?"

"உங்க சார்தாம்மா. சாவிக் கார்டை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்னாரு. பூ வெச்சு உங்களுக்கு சர்ப்ரைஸ் குடுக்கணும்னாரு. நான்தான் திறந்துவிட்டேன்."

"எங்க சாரா?"

"வீட்டுக்காரர்னு சொன்னாரேம்மா. தினம் ஒண்ணா உக்காந்துதானே சாப்பிடறீங்க." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த துண்டு நழுவியது. "அம்மா... இல்லையா? அம்மா, மேல சொல்லிடாதீங்கம்மா. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு படிச்சிட்டிருக்கு."

அவள் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துக் கதவோடு ஒட்டிப் போட்டுவிட்டு, அதிலேயே உட்கார்ந்தாள். நாலு பேர் பிடித்தும் அடங்காத நோயாளியை அசையாமல் நிற்க வைத்தவள், குடித்துவிட்டு வந்து கை ஓங்கியவனை ஒரு அதட்டில் படுக்க வைத்தவள், இப்போது பட்டப்பகலில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தபோது, பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது.

மத்தியானத்துக்கு மேல் தனிப்பயணிகளின் தேநீர் நேரம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் விளையாட்டு. அவள் போனபோது ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். சர்வேயர் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"வந்தாச்சு எக்ஸ்ரே! நீங்களே கேளுங்க, யார்கிட்ட வேணா கேக்கலாம்" என்றாள் ஹோஸ்டஸ் பெண்.

"சர்வேயர்கிட்ட."

"அதானே!" என்றார் பேக்கரிக்காரர். சிரிப்பு எழுந்தது.

"என் ரூமுக்குள்ள எதுக்கு வந்தீங்க?"

சிரிப்பு உடனே நிற்கவில்லை. விளையாட்டில் ஒரு பகுதி என்று நினைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். சர்வேயர் புன்னகை மாறாமல் சொன்னார்: "கண்ணாடி ஆடிட்டிருந்துச்சே. சரி பண்ணி வெச்சேன். இப்போ நல்லாயிருக்கா?"

"நான் கேட்டேனா?"

"நீங்க எங்க கேப்பீங்க? உங்க சுபாவம் தெரியாதா எனக்கு?"

"நல்ல எண்ணத்துலதானே பண்ணியிருக்காரு, எக்ஸ்ரே" என்று பேக்கரிக்காரர் மெல்ல இழுத்தார். ஹோஸ்டஸ் பெண்ணின் முகம் வெளிறியது. "சார், நீங்க எப்படி உள்ள போனீங்க?"

சர்வேயர் அவளைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்தார். தாழ்ந்த குரலில், அவளுக்காக எதையோ மறைப்பவரைப் போல, "அவங்கதான் கார்டைக் குடுத்தாங்க. காபி குடிக்கும்போது. மறந்துட்டாங்க போல. அதைப் பெரிசு பண்ண வேண்டாம்" என்றார்.

வட்டம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வைகளில் கோபமில்லை, இரக்கம் இருந்தது. "இந்த வயசுல மறதி சகஜம்தான்" என்று யாரோ சொன்னார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கே சந்தேகம் வந்தது. கொடுத்தேனா? கழுத்தில் தொங்கிய கார்டைத் தடவிப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது.

"கதவைத் திறந்தது யாரு?" என்று கிரேன் கேட்டாள். அவள் அன்று கூட்டத்தில் பேசிய முதல் வார்த்தை அது. "அதைச் சொல்லிட்டா முடிஞ்சது."

நரைத்த மீசையும் நழுவிய துண்டும் இவள் கண்முன் வந்தன. சொல்லாவிட்டால் அவள் மறதிக்காரி. இன்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் இவரோடு ஆடப்போகிறவள். நாளைக்கும் இவர் கதவைத் திறப்பார். இன்னும் அன்பாகத் திறப்பார்.

"ரூம் பாக்கிறவர் திறந்துவிட்டார்" என்றாள். குரல், ஆஸ்பத்திரியில் இருந்த பழைய குரலாக வந்தது. "என் புருஷன்னு சொல்லி இவர் திறக்க வெச்சிருக்கார். அந்த மனுஷன் நம்பிட்டார். ஏன் நம்பினார் தெரியுமா? நாம எல்லாரும் சேர்ந்து அப்படித்தான் நடத்திட்டிருக்கோம். நானும்தான்."

சர்வேயரின் புன்னகை இப்போதும் போகவில்லை. ஆனால் அதன் அடியில் முகம் மட்டும் தளர்ந்து தொங்கியது. சட்டென்று ரொம்ப வயதானவராகத் தெரிந்தார். "வீட்டுல எல்லாத்தையும் நான்தான் சரி பண்ணுவேன்" என்றார். "அவ இருந்தப்போ. ஒரு குழாய் சொட்டினாக்கூட..." அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் வந்த வேகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள். வாயைத் திறக்காமல் நின்றாள்.

பாதுகாப்பு அதிகாரி வந்து அவரை அழைத்துப் போனார். இனி இந்தக் கூட்டங்களுக்கு வர மாட்டார், உங்கள் தளத்துக்கும் வர மாட்டார் என்று சொன்னார். "ரூம் பாக்கிறவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஏமாத்தப்பட்டவர் அவர்" என்று அவள் கேட்டுக்கொண்டாள். "பாக்கலாம்மா" என்றார் அதிகாரி. அந்தப் 'பாக்கலாம்' எதற்கு அடையாளம் என்று அவளுக்குத் தெரியும். அவளே ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

மகன் கூப்பிட்டபோது ஓகே என்று சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"அன்னைக்கே சொன்னேன்லம்மா. நாளைக்குத் துறைமுகம் வருதுல்ல? இறங்கிடு. நான் வர்றேன்."

"நான் எதுக்குடா இறங்கணும்?"

"அம்மா..."

"இல்ல, எனக்குப் புரியலை. நான் எதுக்கு இறங்கணும்? நீயே சொல்லு."

"கதவை நல்லா தாழ்ப்பாள் போட்டுக்கோ" என்றான். அவன் குரல் சின்ன வயசுக் குரல் மாதிரி இருந்தது.

அறையை விட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் துண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு புது ஆள் ஒருவர் வந்தார். "வணக்கம்மா, இனிமே இந்தப் பக்கம் நான்தான்" என்றார். பழையவர் எங்கே என்று கேட்டாள். தெரியாதும்மா என்றார். உண்மையாகவே தெரியாதா, சொல்லக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறார்களா என்று அவர் முகத்தைத் தேடினாள். அவர் குனிந்து சோப்புகளை அடுக்க ஆரம்பித்தார்.

நடனக் கூடத்தில் இசை ஓடிக்கொண்டிருந்தது. தரை காலியாக இருந்தது. சுவரோரம் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் அவளைப் பார்த்து எழ நினைத்து, பிறகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். ஹோஸ்டஸ் பெண் மைக்கை அணைத்து மேசைமேல் வைத்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று இவள் நினைத்தபோது, மூலையிலிருந்து கிரேன் எழுந்து வந்தாள்.

"எனக்கு ஆடத் தெரியாது" என்றாள்.

"எனக்கும்தான். வகுப்புல அவர் இழுத்த இழுப்புக்குப் போனேன்."

"அப்போ நான் இழுக்கலை. நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம்னு."

இரண்டு பேரும் தரையின் நடுவில் போய் நின்றார்கள். கிரேனின் உள்ளங்கை காய்ப்புக் காய்த்துக் கரடுமுரடாக இருந்தது. இடது என்றாள் இவள். இரண்டு பேரும் இடது பக்கம் போனார்கள். வலது என்றாள், முட்டிக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். கப்பல் லேசாகச் சாய்ந்தது. விழாமலிருக்க ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு திரும்பியபோது, கிரேனின் தோளுக்கு மேலே கூடத்தின் கதவு தெரிந்தது. பனி படிந்தது போன்ற கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே யாரோ நிற்பதன் நிழல். பணியாளாக இருக்கலாம், தாமதமாக வந்த யாராவதாகவும் இருக்கலாம். கதவின் பித்தளைக் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கி, பாதியில் அப்படியே நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றாள் கிரேன்.